அடிமனை வீடும் அதன் பத்திரமும்



"வீடு எங்கள் சொந்தம்; மனை மட்டும் கோவிலுடையது" என்று சொல்லும் குடும்பங்கள் நம் பங்குகளில் பல உண்டு. பழைய நகரங்களில் கோவில்களையும் மடங்களையும் தரும அறக்கட்டளைகளையும் சுற்றி எழுந்த தெருக்களில் இத்தகைய வீடுகளை இன்றும் காணலாம். மனைக்கு உரியவருக்குத் திங்கள்தோறுமோ ஆண்டுதோறுமோ ஒரு சிறு தொகையைச் செலுத்திவிட்டு, அதன்மேல் தம் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டு, பாட்டன் காலந்தொட்டு வாழ்ந்துவரும் ஏற்பாடு அது. மக்கள் இதனை அடிமனை என்பர். சட்டம் இதனைக் குத்தகை என்னும். இவ்விரு சொற்களும் குறிப்பது ஒன்றையே என்று அறியாமல் வாழ்நாள் சேமிப்பை இழப்போர் உண்டு. இத்திங்கள் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பங்கு மனையில் குடியிருக்கும் குடும்பம் தன் இக்கட்டைச் சொல்ல முதலில் வருவது பங்குத் தந்தையிடம். அதே பங்குத் தந்தைதான் மனைக்கு உரியவர் சார்பில் வாடகை வாங்குபவரும். மேய்ப்பரும் நிலக்கிழாரின் காரியக்காரரும் ஒருவரே ஆகிய இந்நிலை எளிதான நிலையன்று. ஆகவே எப்பக்கத்துக்கும் ஏதுவாக எதையும் மறைக்காமல் எழுதுவது நம் கடமை என்று கருதுகிறோம்.

அடிமனை வீட்டை விலைக்கு வாங்குவோர் உண்மையில் வாங்குவது யாது? மேல்கட்டடமும், அது நிற்கும் மனையைக் குத்தகைக் காலம் முடியும்வரை பயன்படுத்தும் உரிமையும் மட்டுமே. மண் அவர்களுக்கு வருவதில்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு குத்தகையை, குறித்த காலத்துக்கு அனுபவிக்கும் உரிமையின் மாற்றம் என்றே வகுத்துரைக்கிறது. ஆகவே காலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே விலையின் உயிர்நிலை. 1930-இல் 99 ஆண்டுக்கு எழுதப்பட்ட குத்தகை 2029-இல் முடிகிறது. அவ்வீட்டை இன்று வாங்குபவர், சுவர் எவ்வளவு உறுதியாயினும், தளம் எத்துணைப் புதிதாயினும், அதுவரை உள்ள சில ஆண்டுகளையே வாங்குகிறார். காலம் முடிந்ததும் மனையை உரியவரிடம் ஒப்படைத்தே ஆகவேண்டும். தரகர் இதைச் சொல்லமாட்டார். பத்திரத்தைப் படித்துத் தேதியைக் கூட்டிப் பார்ப்பது வாங்குபவரின் வேலை.

குத்தகைப் பத்திரமே இல்லாத வீடுகள் இன்னும் மிகுதி. "அந்தக் காலத்துப் பெரிய சாமியார் வாயால் சொன்னார், எங்கள் தாத்தா கட்டினார்" என்பதே பல குடும்பங்களுக்கு ஆவணம். அப்பெரியவர்களின் வாய்மொழியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு உரிய குத்தகையும், ஆண்டு வாடகைக் குத்தகையும் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலன்றி ஏற்படாது என்று மேற்படி சட்டத்தின் 107-ஆம் பிரிவு கூறுகிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் இத்தகைய குத்தகைகளைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்கிறது. பதிவான பத்திரம் இல்லாத இடத்தில், திங்கள் வாடகை வாங்கி ரசீது தந்துவந்தால், அதனைப் பொதுவாகத் திங்கள் குத்தகையாகவே நீதிமன்றம் கொள்ளும். திங்கள் குத்தகையை 15 நாள் அறிவிப்புக் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறது 106-ஆம் பிரிவு. மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டின் காலடியில் இருப்பது 15 நாள் உரிமைதான் என்று கேட்கும்போது நெஞ்சு திடுக்கிடும். இருப்பினும் அறிந்து வைத்திருப்பதே மேல்.

இதனால் அறிவிப்பு வந்த மறுநாளே பாத்திரம் பண்டத்தோடு தெருவுக்கு வரவேண்டும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அறிவிப்புக்குப் பின் உரியவர் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற்றே வெளியேற்ற முடியும். ஆள்வைத்துப் பூட்டை உடைப்பதும், கூரையைப் பிரிப்பதும், தண்ணீரை நிறுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. செய்பவர் யாராயினும் சரி, அவர் அங்கி அணிந்தவராயினும் சரி. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்கிட்டு, உரிமை யாருடையது என்ற விசாரணைக்குள் போகாமலே, அனுபவத்தை மீட்டுக்கொள்ள 1963-ஆம் ஆண்டுத் தனித் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இனி, ஊரில் உலவும் சில தவறான நம்பிக்கைகளைச் சொல்லவேண்டும். இவற்றுள் தலையாயது, 12 ஆண்டு குடியிருந்துவிட்டால் மனை தமக்கே சொந்தமாகிவிடும் என்பது. வாடகைக்கென்றோ குத்தகைக்கென்றோ உள்ளே வந்தவர்க்கு இது பொருந்தாது. உரியவரின் அனுமதியோடு வந்தவர், குடியிருப்பு நீடிக்கும்வரை அந்த உரியவரின் உரிமையை மறுத்துப் பேச முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக நடப்புக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. 12 ஆண்டு அன்று, 60 ஆண்டு வாடகை கட்டினாலும் அது வாடகையே. வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டால் உரிமை வந்துவிடும் என்று சிலருக்கு அறிவுரை சொல்லப்படுவதாகவும் கேள்விப்படுகிறோம். அதைக் கேட்டு நடந்தவர்க்கு வருவது உரிமையன்று, பாக்கி வழக்கு.

வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் குடும்ப அட்டையும் அவ்விடத்தில் வாழ்கிறோம் என்பதைக் காட்டுமேயன்றி மண்ணுக்கு உரிமை தரா. பட்டாவும் வருவாய்த் துறையின் கணக்கே. அது உரிமையை முடிவாக நிறுவும் பத்திரம் அன்று. வில்லங்கச் சான்று மிகவும் வேண்டியதுதான்; எனினும் அதில் தெரிவது பதிவான நடவடிக்கைகள் மட்டுமே. பதிவாகாத அடிமனைக் குத்தகையும் செலுத்தாத வாடகைப் பாக்கியும் அதில் வாரா. "வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது, சாமி" என்று தாளை நீட்டுவோரிடம் இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு சட்ட வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நம் வாசகர் பலர் இதன் முற்பாதியை அறிவர், பிற்பாதியை அறியார். பிறர் மனையில், வாடகை கொடுக்கும்வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையோடு வீடு கட்டிக்கொண்ட சென்னை மக்களைக் காக்க, 1921-ஆம் ஆண்டுச் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1922-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாக வந்தது. பின்னர் அது வேறு நகரங்களுக்கும் நீட்டப்பட்டது. அதன் 3-ஆம் பிரிவின்படி, வெளியேற்றப்படும் குடியிருப்பாளர் தாம் கட்டிய கட்டடத்துக்கு இழப்பீடு பெறலாம். 9-ஆம் பிரிவோ இன்னும் ஒரு படி மேலே சென்றது: வெளியேற்ற வழக்கின் அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மனுச்செய்தால், வசதியாக வாழத் தேவையான அளவு மனையை, முந்திய மூன்றாண்டுச் சந்தை விலையின் சராசரிக்கு, குடியிருப்பாளருக்கே விற்கும்படி உரியவருக்கு நீதிமன்றம் ஆணையிடலாம். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு உரிமை இழந்தோரும் உண்டு. இச்சட்டம் பழைய குத்தகைகளுக்கே உரியது. அண்மையில் ஏற்பட்ட குத்தகைக்கு இதனை நம்பியிருக்கக் கூடாது.

பிற்பாதி இது. 1996-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டத்தால் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு விலக்கைச் சேர்த்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம் முதலிய எம்மதத்தைச் சேர்ந்ததாயினும், சமய நிறுவனங்களுக்கும் சமய அறங்களுக்கும் உரிய மனைகளுக்கு அப்பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதே அவ்விலக்கு. அறச் சொத்துக்கள் மலிவு விலைக்குக் கைமாறிப் போவதைத் தடுப்பது அதன் நோக்கம். இத்திருத்தத்தை எதிர்த்து மயிலாப்பூர்க் கிளப் தொடுத்த வழக்கில், திருத்தம் செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதன் பொருள் என்ன? தனியார் மனையில் பழங்குத்தகையில் வீடு கட்டியவருக்குக் கிடைக்கக்கூடிய இழப்பீடும், மனையை விலைக்குக் கேட்கும் உரிமையும், கோவில் மனையில் வீடு கட்டிய நம் பங்கு மக்களுக்கு அச்சட்டத்தின்படி இல்லை. அவர்களுக்கு மிஞ்சுவது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு தரும் உரிமை ஒன்றே: மாறான உடன்படிக்கை இல்லையேல், அனுபவத்தில் இருக்கும்வரை, தாம் கட்டியவற்றைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மனையை முன்னிருந்த நிலையில் விட்டுச்செல்லலாம். கதவும் சன்னலும் உத்திரமும் பிரிந்து வரும். சிமெண்டுத் தளம் எப்படிப் பிரிந்து வரும்?

அறச் சொத்தைக் காத்த அச்சட்டத்தை நாம் குறைகூறவில்லை. பள்ளியும் அநாதை இல்லமும் நடப்பதற்கு விசுவாசிகள் எழுதிவைத்த நிலங்கள் அவை. திருச்சபைச் சட்டத்தின் 1284-ஆம் விதி, நிர்வாகிகள் நல்ல குடும்பத் தலைவனின் கவனத்தோடு அவற்றைப் பேணக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. ஆனால் நாட்டுச் சட்டம் நம்மை எதற்குக் கட்டாயப்படுத்தவில்லையோ, அதற்கு மனச்சான்று கட்டாயப்படுத்தாது என்று எந்த நிர்வாகியும் எண்ணிவிடலாகாது. மனை பங்கின் தேவைக்கு உண்மையாகவே வேண்டியிருந்தால், கட்டடத்துக்கு நியாயமான தொகையும், மாற்றிடம் தேட ஓராண்டேனும் தவணையும் தருவது நீதியின்பாற்பட்டது என்பது நம் கருத்து. அதைத் தருமமென்று சொல்லிப் பெருமைகொள்வதும் சரியன்று. வாடகையை நெடுங்காலம் உயர்த்தாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் நூறு மடங்காக்குவதும் நல்ல குடும்பத் தலைவன் செய்கிற காரியமாகத் தோன்றவில்லை.

இனி விற்பதும் வாங்குவதும். குத்தகைப் பத்திரத்தில் தடை எழுதப்பட்டிராவிட்டால், குத்தகைதாரர் தம் உரிமையைப் பிறருக்கு மாற்றலாம் என்பது பொது விதி. ஆனால் பெரும்பாலான பத்திரங்களில் "உரியவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி" மாற்றக்கூடாது என்றே இருக்கும். அதை மீறி விற்றால் குத்தகையே பறிபோகக்கூடும். ஆகவே வாங்க நினைப்போர், முன்பணம் கொடுப்பதற்கு முன், மனைக்கு உரியவரிடம் நேரில் சென்று, இன்னாருடைய குத்தகை நடப்பில் இருக்கிறதா, எந்த ஆண்டுவரை, பாக்கி எவ்வளவு, மாற்றிக் கொடுக்கச் சம்மதமா, மாற்றினால் புதிய வாடகை என்ன என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கவேண்டும். விற்பவரே வந்து ஒருமித்துக் கேட்டால் நன்று. விற்பவர் இதற்கு இணங்காமல் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அவ்வீட்டை விட்டுவிடுவதே புத்தி.

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியின் முத்திரை பெற்றுவிட்டால் வீடு கைமாறிவிட்டது என்று எண்ணுவோர் இன்றும் இருக்கின்றனர். மேல்கட்டடமும் அசையாச் சொத்தே. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரயம் பதிவாலன்றி நிறைவேறாது. அதிகாரப் பத்திரமும் விற்பனை உடன்படிக்கையும் உயிலும் ஒன்றுசேர்ந்தாலும் கிரயமாகா என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கிவிட்டது. அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோவில் நிலமானால், 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. வாங்கும் பத்திரத்தில் "அடிமனை நீங்கலாக" என்ற சொற்கள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். அவை விடுபட்டிருந்தால் மகிழ வேண்டாம். விற்பவரிடம் இல்லாததை எந்தப் பத்திரமும் கொடுத்துவிடாது. பின்னாளில் வழக்குக்கு அதுவே வித்தாகும்.

நம் மறைமாவட்ட மனைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். நிலம் பெரும்பாலும் மறைமாவட்டச் சங்கத்தின் பெயரிலோ ஆயரின் பதவிப் பெயரிலோ இருக்கும். பங்குத் தந்தை பங்கின் சார்பாளரே, உரிமையாளர் அல்லர். வழக்கமான நிர்வாகத்துக்கு அப்பாற்பட்ட காரியத்தை ஆயரின் எழுத்து மூலமான அதிகாரமின்றி அவர் செய்தால் அது செல்லாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1281-ஆம் விதி. விற்பதற்கு 1291, 1292-ஆம் விதிகளும், குத்தகைக்கு 1297-ஆம் விதியும் உள்ளன. ஆகவே பங்குத் தந்தை ஒருவர் அன்பு மிகுதியால் துண்டுத் தாளில் "இவ்வீட்டை இன்னார்க்கு மாற்றச் சம்மதம்" என்று எழுதிக் கையொப்பம் இட்டுக் கொடுத்தால், அதை நம்பி இலட்சக்கணக்கில் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆயரகத்தின் பொருளாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, முத்திரையிட்ட விடை பெறுங்கள். சாமியாரை நம்பவில்லையா என்று எவரேனும் கேட்டால், எரேமியா இறைவாக்கினர் அனத்தோத்து நிலத்தை வாங்கிய 32-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். இறைவனே வாங்கச் சொல்லியிருந்தும், அவர் 17 செக்கேல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தில் கையொப்பமிட்டு, சாட்சிகளை வைத்து, முத்திரையிட்ட படியையும் முத்திரையிடாத படியையும் மண்கலத்தில் இட்டுக் காக்கும்படி பாரூக்கிடம் ஒப்படைத்தார். விற்றவரோ அயலார் அல்லர், சிற்றப்பன் மகன்.

உறவினரைப் பற்றிச் சொல்லும்போது, பிணக்குக்குப் பெருங்காரணமான ஒன்றையும் சொல்லவேண்டும். வீட்டுத் தலைவர் உயில் எழுதாமல் இறந்தால், வீடும் குத்தகை உரிமையும் வாரிசுகள் அனைவரையும் சேரும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்குச் சமமாக. மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில், சீதனம் பெற்ற மகளுக்குப் பங்கில்லை என்ற 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பெண்களை ஒதுக்கிவந்தனர். அச்சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையொப்பமிட்ட பத்திரத்தில், கட்டிக்கொடுத்த அக்காள் தங்கையரின் பங்கு விற்பனையாவதில்லை. அவர்கள் விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கும் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். தகப்பனார் இறந்த பின்னும் ரசீது அவர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தால், எல்லா வாரிசுகளும் சேர்ந்து எழுதிக்கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது.

சிலர் "லீஸுக்கு வீடு" என்று கேட்டு எழுதுகிறார்கள். அது வேறு. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறும் போக்கியம் அது. பதிவு செய்து வாங்கிய போக்கியப் பத்திரம் இருந்தால் பணத்துக்கு வீடு ஈடாக நிற்கும். இல்லையேல் வீட்டுக்காரர் முன்பே வங்கியில் அடகு வைத்து, கடன் நிலுவையால் வீடு ஏலத்துக்கு வரும்போது, போக்கியக்காரர் வெறுங்கையோடு நிற்க நேரும். இது குறித்துப் பிறிதொரு திங்கள் விரிவாக எழுதுவோம்.

வாடகைப் பாக்கியால் குத்தகை பறிபோகும் என்ற அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருப்போர்க்கு: வழக்கு விசாரணையின்போது பாக்கி முழுவதையும் வட்டியோடும் வழக்குச் செலவோடும் செலுத்தினால், நீதிமன்றம் பறிமுதலிலிருந்து விடுவிக்கலாம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு இடந்தருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். உரியவர் வாடகையை வாங்க மறுத்தாலும் விட்டுவிடாமல், வங்கி வழியாகவோ, காசோலையாக ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலிலோ திங்கள்தோறும் அனுப்பி, அனுப்பிய சான்றையும் திரும்பி வந்த உறையையும் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு அலுவலகங்களில் வாடகை வாங்கும் நம் சகோதரக் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தொகை 10 ரூபாயாயினும், எந்தத் திங்களுக்கு, யாரிடமிருந்து, எந்த மனைக்கு என்று எழுதி, எண்ணிட்ட ரசீது கொடுங்கள், அடிக்கட்டையைப் பாதுகாத்து வையுங்கள். மாற்றலாகிப் போகும்போது குத்தகைப் பதிவேட்டைப் பின்வருபவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள். இரு தலைமுறைக்குப் பின் ஒரு பிணக்கு எழும்போது, நாமும் இரோம், கட்டியவரும் இரார். அந்த அடிக்கட்டைதான் இருக்கும்.